தாமரைக் குளத்தில் மிதக்கும் பச்சைப் பொட்டுகள்: அள்ள அள்ளத் திரும்ப வருகின்றன, என்ன செய்யலாம்?

கேள்வி: வெண்ணாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூரை ஒட்டிய ஒரு சிற்றூரில் எங்கள் வீடு இருக்கிறது. வீட்டின் பின்புறத்தில் 12 அடி நீளமும் 8 அடி அகலமும் இரண்டரை அடி ஆழமும் கொண்ட சிமெண்டுக் குளம் ஒன்றை மூன்று ஆண்டுகளுக்கு முன்பு கட்டினோம். இரண்டு தாமரைகள், மூன்று அல்லிகள், பதினைந்து தங்கமீன்கள், கொசுப்புழுவைத் தின்பதற்காக விட்டு எண்ணிக்கை தெரியாமல் பெருகிவிட்ட கப்பி மீன்கள் ஆகியவை அதில் இருக்கின்றன.

கடந்த ஐப்பசியில் ஒரு நாற்றுப்பண்ணையிலிருந்து புதிய தாமரைக் கிழங்கு ஒன்றை வாங்கி வந்தேன். அதன் இலைக்காம்பில் மிளகில் பாதியளவுகூட இல்லாத நாலைந்து பச்சைப் பொட்டுகள் ஒட்டியிருந்ததைப் பார்த்தும் நான் பொருட்படுத்தவில்லை. தை மாதம் முடிவதற்குள் அவை தண்ணீர் இருப்பதே தெரியாதபடி குளம் முழுவதையும் மூடிவிட்டன. சென்ற வாரம் எங்கள் கன்றுக்குட்டி அதைப் புல்தரை என்று எண்ணிக் காலை வைத்துவிட்டது. மாவு சலிக்கும் சல்லடையால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அள்ளினேன். ஏறத்தாழத் தண்ணீர் தெளிந்துவிட்டது என்று நினைத்தேன். பத்தே நாளில் பழைய நிலை திரும்பிவிட்டது.

இது அசோலா, மாட்டுக்கு நல்லது, மகிழ்ச்சியடையுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். வயலுக்கு அடிக்கும் களைக்கொல்லியைக் கொஞ்சம் ஊற்றினால் போதும் என்கிறார் உரக்கடைக்காரர். புல்கெண்டை விடுங்கள் என்கிறார் என் சித்தப்பா மகன். குளத்தை முற்றிலும் இறைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா என்பது என் மனைவியின் யோசனை. இவற்றில் எது சரி என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: நீர்த்தோட்டம்

வணக்கம் ஐயா. முதலில் அது எந்தச் செடி என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனென்றால் செய்ய வேண்டிய வேலை அதைப் பொறுத்து மாறும். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து நாலைந்து பொட்டுகளை மிதக்கவிட்டு, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். தட்டையான முட்டை வடிவ இலையும் அதன் அடியிலிருந்து நூல்போல் தொங்கும் ஒரே ஒரு வேரும் தெரிந்தால் அது லெம்னா, அதாவது மீன் வளர்ப்பவர்கள் டக்வீட் என்று சொல்வது. இலை சற்றுப் பெரிதாக, அடிப்புறம் செந்நீலம் ஓடி, வேர்கள் கொத்தாகத் தொங்கினால் அது ஸ்பைரோடெலா. வேரே இல்லாமல் ரவைபோல் கையில் உருண்டால் அது வுல்ஃபியா; உலகிலேயே மிகச் சிறிய பூக்கும் தாவரம் அதுதான். இவற்றை நாம் பேச்சுவழக்கில் பாசி என்று சொன்னாலும் இவை பாசி வகையைச் சேர்ந்தவை அல்ல, பூக்கும் தாவரங்கள். அசோலா வேறு: அது பெரணி இனம், செதில் செதிலாக அடுக்கப்பட்ட கிளைகளோடு இருக்கும், கடும் வெயிலில் செம்மை பாயும். நீங்கள் சொல்லும் அளவையும் வளரும் வேகத்தையும் பார்த்தால் லெம்னாவாகத்தான் இருக்க வேண்டும். பெரியவர் மாட்டுக்கு ஆகும் என்று சொன்னதில் பெரிய தவறு இல்லை, லெம்னாவையும் கால்நடைக்குக் கொடுப்பவர்கள் உண்டு.

பத்து நாளில் திரும்பி வந்ததற்கு உங்கள் உழைப்பில் குறை காரணமில்லை. இந்தச் செடிக்கு விதை முளைக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. தாய் இலையின் விளிம்பிலேயே சேய் இலை முளைத்துப் பிரிந்துவிடும். நம் ஊர் வெயிலில், சத்துள்ள தண்ணீரில், இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாகும். மூன்று நாள் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். நூற்றில் தொண்ணூறை அள்ளிவிட்டால் மீதியுள்ள பத்து, நூறாக வளர மூன்றேகால் இரட்டிப்புதான் தேவை, அதாவது பத்து நாள். இன்னும் பாடுபட்டு நூற்றில் தொண்ணூற்றொன்பதை அள்ளினால்கூட நீங்கள் வாங்கும் கூடுதல் அவகாசம் மேலும் பத்தே நாள்தான். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அள்ளிவிட்டு மூன்று வாரம் கைகட்டி இருப்பதைவிட, முதல் நாள் பெரும்பகுதியை அள்ளியபின் இரண்டு நாளுக்கு ஒரு முறை கால்மணி நேரம் செலவிடுவதே இந்தச் செடியை வெல்லும்.

அள்ளும் முறையைப் பற்றி: சல்லடை சிறியது, கை வலிக்கும், நீங்கள் அசைக்கும்போதே பாதி விலகி ஓடிவிடும். குளத்தின் அகலத்துக்குச் சற்றே குறைவான நீளத்தில் ஒரு பி.வி.சி. குழாயை எடுத்து இரு முனைகளையும் மூடிவிட்டால் அது மிதக்கும். இருவர் இரு கரையிலும் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்தால் படலம் முழுவதும் ஒரு மூலையில் ஒதுங்கும். அங்கே பழைய கொசுவலைத் துணியால் தைத்த வலையை வைத்து அள்ளலாம். காற்று ஒரு பக்கமாக அடிக்கும் மாலை நேரத்தில் செய்தால் பாதி வேலையைக் காற்றே செய்துவிடும். பிறகு தாமரை இலைகளின் மேலும் கீழும், தொட்டிகளின் விளிம்பிலும், சுவரில் தண்ணீர்க்கோட்டை ஒட்டியும், பம்பின் பஞ்சிலும் ஒட்டியிருப்பவற்றைக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி இறக்குங்கள். மறுபடி பரவுவது பெரும்பாலும் அங்கிருந்துதான். வலை, வாளி, உங்கள் கை எல்லாவற்றிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் வலையையும் வாளியையும் நல்ல வெயிலில் ஒரு நாள் காயவைத்த பிறகே அடுத்த தொட்டியில் இறக்க வேண்டும்.

அள்ளுவதைவிட முக்கியமான இன்னொன்று இருக்கிறது. இந்தச் செடி தண்ணீரில் கரைந்துள்ள நைட்ரஜனையும் பாஸ்பரசையும் உண்டு வாழ்வது. அந்த உணவு எங்கிருந்து வருகிறது? உங்கள் குளம் ஏறத்தாழ 6,800 லிட்டர் கொள்ளும். நாளொன்றுக்கு 20 கிராம் மீன் தீவனம் போடுகிறீர்கள் என்று கொள்வோம். அதில் 30 விழுக்காடு புரதம் இருந்தால் ஏறத்தாழ ஒரு கிராம் நைட்ரஜன் இருக்கிறது. மீன் அதில் கால்வாசியைத்தான் தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. எஞ்சியது கழிவாகத் தண்ணீருக்கு வருகிறது. மாதத்துக்கு இருபது கிராமுக்கு மேல் என்று ஆகிறது. உங்கள் குளத்தை முழுவதும் மூடிய ஒரு படலத்துக்குள் இருக்கும் நைட்ரஜனும் தோராயமாக அந்த அளவுதான். அதாவது மாதம் ஒரு படலத்துக்கான சாப்பாட்டை நீங்களே கையால் போடுகிறீர்கள். இது குத்துமதிப்பான கணக்குதான் என்றாலும் எங்கே கைவைக்க வேண்டும் என்பதைக் காட்டும். அள்ளிய செடியைக் கரையிலேயே குவித்துவைத்தால் அடுத்த மழை அதன் சாற்றை மறுபடியும் குளத்துக்குள் இறக்கிவிடும் என்பதும் இதனால்தான், எருக்குழிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

இப்போது என் கேள்வி: மழை பெய்யும்போது எந்தப் பக்கத்துத் தண்ணீர் குளத்துக்குள் இறங்குகிறது? மரநிழல் இருக்கிறதா, இலை விழுகிறதா? ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் விடுகிறீர்களா?

பதில்: பழைய கிணறு

உரக்கடைக்காரர் சொன்ன யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். நான் கேட்டேன். என் குளம் உங்களுடையதைவிடச் சற்றுப் பெரியது. வயலுக்கு வாங்கி மீந்திருந்த களைக்கொல்லியைக் கடைக்காரர் சொன்ன அளவில் கலந்து மேலே தெளித்தேன். ஐந்தாம் நாள் படலம் வெளுத்தது, ஏழாம் நாள் அடியில் படியத் தொடங்கியது, நான் மகிழ்ந்தேன். பத்தாம் நாள் விடியற்காலையில் மீன்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஏழு மணிக்குள் பெரிய மீன்கள் அனைத்தும் இறந்துவிட்டன.

நஞ்சு நேரடியாக மீனைக் கொன்றது என்றுதான் அப்போது நினைத்தேன். பிற்பாடு யோசித்தபோது, மூச்சுமுட்டலே முதற்காரணம் என்று புரிந்தது. 30 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிக அளவாக ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும். செத்த செடி மொத்தமாக அழுகும்போது அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அந்தக் கொஞ்ச ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்ளும். இரவில் ஒளிச்சேர்க்கையும் கிடையாது என்பதால் விடியும் நேரத்தில் நிலைமை மிக மோசமாகும். கையால் அள்ளினால் வெளியே போயிருக்க வேண்டிய சத்து முழுவதும் அழுகிக் குளத்துக்குள்ளேயே தங்கிவிட்டது என்பதால், ஒன்றரை மாதத்தில் லெம்னா முன்னைவிடத் தடிமனாக வந்து சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் அல்லியும் கருகிப்போயிற்று, ஏனென்றால் அகன்ற இலைச் செடிகளுள் எது களை, எது அல்லி என்று மருந்துக்குத் தெரியாது. வயலுக்கென்று விற்கும் மருந்துகளில் இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் பொருள்கள் தவளைக்குஞ்சுகளுக்கும் மீன்களுக்கும் கெடுதல் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து யாராவது மயில்துத்தம் போடச் சொல்வார்கள். அது பாசிக்கு எதிராகப் பயன்படுவது. மிதக்கும் செடியைவிட மீனையும் நத்தையையும் முதலில் தாக்கும், அதிலுள்ள செம்பு சேற்றில் போய்த் தங்கிவிடும். கல்லுப்பு போடுங்கள் என்றும் ஒருவர் எனக்குச் சொன்னார். லெம்னாவுக்கு உறைக்கும் அளவுக்கு உப்பைப் போட்டால் தாமரை பிழைக்காது.

பதில்: கெண்டைப்பண்ணை

புல்கெண்டை லெம்னாவை விரும்பித் தின்னும் என்பது உண்மை. எங்கள் பண்ணைக் குட்டைகளில் அதையே தீவனமாகப் போடுகிறோம். ஆனால் அது கிலோக்கணக்கில் வளரும் மீன். 12 அடிக் குளம் அதற்கு வீடாகாது. லெம்னா தீர்ந்ததும் தாமரையின் இளந்தளிரைத் தின்னத் தொடங்கும். ஜிலேபிக் கெண்டையைச் சிலர் சொல்வார்கள், அது நாலைந்து மாதத்தில் பெருகிக் குளத்தையே தனதாக்கிக்கொள்ளும். பிறகு அதை என்ன செய்வது என்று இங்கே இன்னொரு கேள்வி கேட்க வேண்டி வரும். வேண்டாமென்று ஆனபின் எந்த மீனையும் வாய்க்காலிலோ ஏரியிலோ விடக்கூடாது.

உங்களிடம் ஏற்கெனவே பதினைந்து தங்கமீன்கள் இருக்கின்றன. அவை லெம்னாவைத் தின்னும், ஆனால் வயிறு நிறைந்த மீன் தின்னாது. படலத்தைப் பெருமளவு அள்ளிய பிறகு தீவனத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். வாரத்தில் இரண்டு நாள் தீவனமே போடாதீர்கள். அவை பட்டினியால் சாகாது. மேலே நண்பர் போட்ட நைட்ரஜன் கணக்குக்கும் இதுவே மருந்து.

வாத்து விடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது சொல்வார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். வாத்து லெம்னாவை ஒரே நாளில் தீர்த்துவிடும். தாமரையையும் மிதித்துத் தீர்த்துவிடும். எச்சமிட்டு அடுத்த பயிருக்கு உரமும் போட்டுவிடும்.

கேட்டவர்: வெண்ணாற்றங்கரை

அனைவருக்கும் நன்றி. வெள்ளைக் கிண்ணத்தில் வைத்துப் பார்த்தேன். ஒற்றை வேர், ஆகவே லெம்னாதான். நீர்த்தோட்டம் ஐயாவின் கேள்விக்கு விடை தேடி நேற்றுப் பெய்த மழையில் குடையோடு நின்று பார்த்தேன். மாட்டுக் கொட்டகையைக் கழுவும் தண்ணீர் ஒரு சிறு வாய்க்கால் வழியாகத் தென்னைக்குப் போகிறது. அந்த வாய்க்காலின் ஒரு பக்கம் இடிந்திருக்கிறது. மழை வலுத்தால் சாணி கரைந்த தண்ணீர் வழிந்து குளத்தின் கிழக்குப் பக்கமாக உள்ளே இறங்குகிறது. மூன்று ஆண்டுகளாக இப்படித்தான் நடந்திருக்க வேண்டும். குளத்தின் மேல் ஒரு வேப்பமரக் கிளையும் நீண்டிருக்கிறது. தீவனம் எவ்வளவு போடுகிறோம் என்று கேட்டால், என் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பிடி என்கிறார்கள்.

பதில்: வாவிக்கரை, மட்டக்களப்பு

வணக்கம். கேள்வி கேட்டவர் லெம்னாவோடு தப்பித்துக்கொண்டார் என்றுதான் நான் சொல்வேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக் குளங்களுக்கு வந்து சேரும் தொல்லைகள் ஆற்றுவாழையும் சல்வீனியா என்ற மிதக்கும் பெரணியும். தமிழ்நாட்டில் ஆற்றுவாழையைச் சில இடங்களில் வெங்காயத்தாமரை என்றும் நெல்லைப் பக்கத்தில் அமலைச்செடி என்றும் ஆகாயத்தாமரை என்றும் சொல்கிறார்கள். ஆனால் ஆகாயத்தாமரை என்ற பெயர், வெல்வெட்டு இலைகளை ரோசாப் பூப்போல் அடுக்கிக்கொண்டு மிதக்கும் வேறொரு செடிக்கும் வழங்குவதால், கடையில் பெயரைச் சொல்லிச் செடி வாங்குகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அந்த வெல்வெட்டு இலைச் செடியின் வேர்களைத் துளைத்து அதிலுள்ள காற்றைச் சுவாசித்து வளரும் மான்சோனியா என்ற கொசுவினம் உண்டு; அது யானைக்கால் நோயைப் பரப்பக்கூடியது. அந்தக் கொசுவின் புழு மூச்சுக்காக மேலே வருவதில்லை, ஆதலால் கப்பி மீன் இருக்கிறது என்று நம்பி அந்தச் செடியை வளர்ப்பது சரியன்று.

இலங்கையில் ஆற்றுவாழைக்கென்றே 1909ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அழகான ஊதாப் பூவுக்காகக் கொண்டுவந்து வளர்த்த செடி அந்த அளவுக்குப் போய்விட்டது. சல்வீனியா 1939இல் கொழும்பில் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்காகக் கொண்டுவரப்பட்டு வெளியே பரவியது. பிரேசிலைச் சேர்ந்த அதைக் கேரளத்தில் ஆப்பிரிக்கப் பாயல் என்று அழைக்கிறார்கள். செடி வந்த திசை பற்றிய ஊகங்கள் அப்படித்தான் பெயராகிவிடுகின்றன. 1980களில் சிற்டோபாகஸ் என்ற சிறு கூன்வண்டைக் கொண்டு ஆஸ்திரேலியாவிலும் கேரளத்திலும் அதைக் கட்டுப்படுத்தினார்கள். அந்த வண்டு சல்வீனியாவை மட்டுமே தின்பது, ஆகவே லெம்னாவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பெரிய நீர்நிலைகளுக்கு உரிய வழி அது. வீட்டுக் குளத்துக்குக் கையே போதும்.

வீட்டுக் குளத்தில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. சல்வீனியா மலட்டுச் செடி. விதையோ முளைக்கும் வித்தோ கிடையாது, ஒடிந்த துண்டிலிருந்து மட்டுமே வளரும். ஆகவே துண்டு ஒன்றைக்கூட விடாமல் எடுத்துவிட்டால் அதன் கதை முடிந்தது. ஆற்றுவாழையின் விதை சேற்றில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். செடியை முழுவதும் அகற்றிய பிறகும், கோடையில் நீர் வற்றிச் சேறு வெளியே தெரியும் போதெல்லாம் முளைகளைத் தேடிப் பிடுங்க வேண்டும், பூ விடும் முன்பே எடுத்துவிட வேண்டும். லெம்னா இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது.

குளத்தை இறைத்துவிடலாம் என்ற யோசனையைப் பற்றியும் ஒரு சொல். நான் ஒரு முறை இறைத்தேன். மீனையும் கிழங்கையும் வாளிகளில் மாற்றி வைத்தபோது அவற்றோடு களையும் வாளிக்குள் வந்தது; மறுபடி நிரப்பிய நல்ல தண்ணீரில் நானே அதைக் கொண்டுபோய் விட்டேன். இறைப்பதானால் குளத்தை ஒரு வாரம் வெடிப்புவிடும்வரை காயவிட்டு, கிழங்கின் மண்ணை முற்றிலும் கழுவிப் புதுமண்ணில் நட வேண்டும். அதற்கு ஒரு சிறு குழாயும் கொசுவலையும் எவ்வளவோ எளிது.

பதில்: நீர்த்தோட்டம்

மாட்டுக் கொட்டகைத் தண்ணீர்தான் விடை. வாய்க்காலின் இடிந்த பக்கத்தைச் சரிசெய்து, குளத்தின் கிழக்கு விளிம்பை நாலு அங்குலம் செங்கல் வைத்து உயர்த்துங்கள். வேப்பங்கிளையைக் கழித்துவிடுங்கள். பிள்ளைகளிடம் ஒரு தேக்கரண்டியைக் கொடுத்து அதுதான் அளவு என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: லெம்னாவுக்கு அசையும் தண்ணீர் பிடிக்காது. தாமரைக்கும் அல்லிக்கும் இலைமேல் தண்ணீர் தெறிப்பது பிடிக்காது என்பதால் நீரூற்று வைக்காமல், சிறிய பம்பின் வாயை ஒரு மூலையில் நீர்மட்டத்தோடு பக்கவாட்டில் திருப்பி வையுங்கள். எதிர்மூலையில் வழிவாய் ஒன்றை வைத்து அதில் கொசுவலைப் பை மாட்டினால் மிதப்பவை தாமே அங்கே வந்து சேரும். இனிமேல் வாங்கும் எந்த நீர்ச்செடியையும் இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகே குளத்தில் இறக்குங்கள். அசோலா வளர்க்கும் எண்ணம் பிறந்தால் அதற்கும் தனிக்குழி வெட்டுங்கள். அதன் இலைக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்தே நைட்ரஜனைச் சேர்த்துக்கொடுப்பதால், தண்ணீரில் நைட்ரஜனைக் குறைத்து அதைப் பட்டினி போட முடியாது.

கேட்டவர்: வெண்ணாற்றங்கரை

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். வாய்க்கால் சரியாகிவிட்டது, விளிம்பு உயர்ந்துவிட்டது. முதல் நாள் குழாயால் தள்ளி அள்ளியதில் மூன்று வாளி நிரம்பியது. முதல் மூன்று வாரம் இரண்டு நாளுக்கு ஒரு முறை அள்ளினேன். நான்காம் வாரம் வெளியூர் போய் ஆறு நாள் விட்டுவிட்டதில் கால்வாசிக் குளம் மறுபடி மூடிவிட்டது. பிறகு ஒரு நாளும் தவறவில்லை. இப்போது காலையில் காபியோடு போய்ப் பார்த்தால் வலைப்பையில் ஒரு கைப்பிடியும் தாமரைக் காம்பைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பொட்டுகளும் இருக்கின்றன. முழுவதும் ஒழியவில்லை, ஆனால் அடியில் இருக்கும் மீன் கண்ணுக்குத் தெரிகிறது. அள்ளியதைக் காயவைத்துத் தவிட்டோடு கலந்து கோழிக்குப் போடலாமா என்று மட்டும் சொல்லுங்கள்.

பதில்: நீர்த்தோட்டம்

கொட்டகைத் தண்ணீர் கலந்திருந்த காலத்தில் அள்ளியதைக் கோழிக்குப் போட வேண்டாம். அது காய்ந்த சருகோடு சேர்ந்து எருக்குழிக்கே போகட்டும். இனி அள்ளுவதை நன்றாக அலசி வெயிலில் மொறுமொறுப்பாகக் காயவைத்துத் தவிட்டில் கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள். ஒரு கைப்பிடி காய்ந்தால் ஒரு சிட்டிகைதான் தேறும்.